நத்தத்திலிருந்து நத்தம் சாலைக்கு

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாக்ஷி அம்மன் சந்நிதியைத் தரிசிக்கிறார்கள். திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களைக் கட்டிப் பிடித்துப் பார்க்கிறார்கள். சித்திரை மாதமாயிருந்தால் அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தைக் கண்டு களிக்கிறார்கள். ஆனால் பழங்காநத்தத்தைப் பார்ப்பதற்கென்று பெட்டி படுக்கையுடன் ஒருவர் மதுரையில் வந்து இறங்கியதாக நாம் இதுவரையில் கேள்விப்பட்டதில்லை. அப்படி வராதது அவர்களுடைய துரதிர்ஷ்டமே தவிர, பழங்காநத்தத்தின் குற்றம் அல்ல.

நகரத்துக்குத் தென்மேற்கே, மாடக்குளம் கண்மாய்த் தண்ணீரை நம்பியிருந்த வயல்களின் நடுவே ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்த ஊர் இது. கிராமக் கணக்கில் 'நத்தம்' என்றால், குடிகள் வீடு கட்டி வாழ்வதற்கென்று விட்ட மனைநிலம். வயல் எவ்வளவோ கைமாறலாம். நத்தம் குடிகளுக்கு உரியது. இன்று பழங்காநத்தத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. நாலா பக்கமும் பஸ்களும் ஆட்டோக்களும் பறக்கின்றன. இருந்தாலும் பெயரில் நத்தம் நிலைத்து நிற்கிறது.

இந்த ஊரிலிருந்து புறப்பட்டு, நகரத்தின் வடபுறத்தில் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை பிரயாணம் செய்தோம். நத்தத்தில் தொடங்கி நத்தம் சாலையில் முடிந்த அந்தப் பிரயாணத்தில், நடுவில் இன்னொரு நத்தமும் குறுக்கிட்டது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

கோவலன் பொட்டல்

புறப்படுவதற்கு முன்னால் பழங்காநத்தத்தில் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்குக் 'கோவலன் பொட்டல்' என்று பெயர். பூம்புகாரிலிருந்து மனைவியுடன் நடந்து வந்து, காற்சிலம்பு விற்கப் போன இடத்தில் கள்வன் என்று பழி சுமந்து, விசாரணையின்றி வெட்டுண்டு மாண்டானே, அந்தக் கோவலன் மடிந்த இடம் இதுதான் என்று இவ்வூர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

கதையாயிற்றே என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் இந்தப் பொட்டலில் குழி வெட்டிப் பார்த்தார்கள். முதுமக்கள் தாழிகளும், கறுப்பு சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. கோவலன் இங்கேதான் விழுந்தான் என்பதற்குத் தாழியும் சட்டியும் சாட்சி சொல்லமாட்டா. ஆனால் மிகப் பழைய காலத்திலேயே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள், மாண்டவர்களை மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள் என்பதற்கு அவை நல்ல சாட்சிகள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பொட்டல் ஜனங்களுடைய வாயில் கோவலன் உயிரோடு இருந்த அதே காலத்தில், இளங்கோவடிகளின் காவியம் கரையானுக்கு இரையாகும் ஏட்டுச் சுவடிகளாக எங்கெங்கோ பரண்களில் கிடந்தது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, அடியார்க்கு நல்லார் உரையுடன் 1892-ம் வருஷத்தில் சிலப்பதிகாரத்தை அச்சிட்டார். அவர் அலைந்திராவிட்டால் பொட்டல் இருந்திருக்கும், கதையும் இருந்திருக்கும், காவியம் மட்டும் இல்லாமற் போயிருக்கும்.

பாட்டியின் சந்தேகம்

நம்முடன் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் போதித்து ஓய்வு பெற்ற பண்டிதர். மற்ற இருவர் அண்டை வீட்டுப் பாட்டியும் அவளுடைய ஒன்பது வயதுப் பேத்தியும்.

பண்டிதர் வருவதற்குச் சம்மதித்தாரே தவிர, மனம் ஒப்பிச் சம்மதிக்கவில்லை.

"புத்தகசாலை என்றால் நிசப்தம் வேண்டும், ஐயா! அங்கே கதை சொல்லுகிறார்களாம், பட்டிமன்றம் போடுகிறார்களாம், குழந்தைகளுக்குப் பொம்மலாட்டமாம்! படிக்கிறவன் எங்கே போவது? கோயிலில் சந்தை வைப்பதும் இதுவும் ஒன்றுதான்" என்றார்.

பாட்டியின் சந்தேகம் வேறு விதமாக இருந்தது. அவள் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான்.

"படிச்சவங்க வந்து போற எடமாச்சேய்யா! வாசல்ல ஒரு புத்தகத்தைக் குடுத்து 'படிச்சுக் காட்டு'ன்னு கேட்டா நான் என்ன செய்யட்டும்? பிள்ளையை மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வெளியே நெழல்ல குந்தியிருக்கேன்" என்றாள்.

"அப்படி யாரும் கேட்கமாட்டார்கள், அம்மா" என்று சமாதானம் சொன்னோம். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். பாட்டி பஸ் ஏறிவிட்டாள். சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021-ம் வருஷம் முதல் கட்டணம் இல்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் நடத்துனர் காசில்லாச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். பண்டிதரும் நாமும் காசு கொடுத்தோம். "படித்தவர்களுக்கு அபராதம் போலிருக்கிறது!" என்றார் பண்டிதர்.

பாலவநத்தத்து ஜமீந்தார்

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி வண்டி மாறிச் சிம்மக்கல் வந்து சேர்ந்தோம். அங்கிருந்து தமிழ்ச் சங்கம் சாலை கூப்பிடு தூரம். மதுரையில் புத்தகசாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சாலையை மிதிக்காமல் போவது நன்றிகெட்ட காரியம். ஆகையால் இறங்கி நடந்தோம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம். பாலவநத்தம் ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்கு ஒரு சொற்பொழிவின் பொருட்டு வந்திருந்தார். பேச்சுக்கு வேண்டுமென்று கம்பராமாயணமும் திருக்குறளும் வாங்கி வரும்படி ஆள் அனுப்பினார். போன ஆள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையுடன் திரும்பினான் என்று சொல்லுவார்கள். மூன்று சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் பெருமை பேசும் பாண்டியன் தலைநகரில், கேட்டவுடன் கொடுக்க ஒரு குறள் பிரதி இல்லை! ஜமீந்தாருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கவேண்டும்!

அவர் வேதனைப்பட்டதோடு நின்றுவிடவில்லை. 1901-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. அதனோடு கல்லூரி வந்தது. பாண்டியன் புத்தகசாலை வந்தது. 'செந்தமிழ்' என்ற மாதப் பத்திரிகை வந்தது. அந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார். ஆக, மதுரையின் முதற்பெரும் தமிழ்ப் புத்தகசாலை, கேட்ட புத்தகம் கிடைக்காத கோபத்திலே பிறந்தது.

பழங்காநத்தத்தில் புறப்பட்டுப் புது நத்தம் சாலைக்குப் போகும் வழியில் நாம் கண்ட மூன்றாவது நத்தம் இந்தப் பாலவநத்தந்தான்.

"சொற்பொழிவுக்காகப் புத்தகம் தேடினார்; புத்தகம் கிடைக்காததால் சங்கம் வைத்தார். பார்த்தீர்களா? பேச்சு முதலிலேயே இருந்திருக்கிறது!" என்று பண்டிதரைச் சற்றே சீண்டினோம். அவர் காதில் விழாதவர்போல் சாலையைக் கடந்தார்.

ஆற்றுக்கு அப்பால்

1889-ம் வருஷம் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் வைகையைத் தாண்டினோம். வைகையில் தண்ணீர் இருந்ததா என்று வாசகர்கள் கேட்கக்கூடாது. கோரிப்பாளையம் தர்காவைக் கடந்தால் தமுக்கம். ராணி மங்கம்மாளின் அரண்மனை இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம். 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி காந்தி மகாத்மா மதுரையில்தான் சட்டையையும் தொப்பியையும் துறந்து, ஏழைக் குடியானவனின் அரைத் துணியைத் தமது உடையாகக் கொண்டார். அருங்காட்சியகத்தை 1959-ல் பண்டித நேரு திறந்து வைத்தார். அதற்குள்ளேயும் ஒரு புத்தகசாலை இருக்கிறது. எதிரே உள்ள தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில், மஞ்சள் பைகளில் புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் காட்சியைக் காணலாம். அதே மைதானத்தருகே கம்பீரமாக நிற்கும் தமிழன்னை சிலை, 1981 ஜனவரியில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டின் ஞாபகச் சின்னம்.

1981 என்றதும் பண்டிதர் பெருமூச்சு விட்டார். "அந்த வருஷத்தில் இரண்டு காரியம் நடந்தது, ஐயா" என்றார்.

ஆம். ஜனவரியில் மதுரையில் தமிழுக்குத் திருவிழா. ஐந்து மாதம் கழியவில்லை. மே 31-ந் தேதி இரவு யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. 1933-ல் ஒருவர் வீட்டிலே சிறிய அளவில் தொடங்கி, ஊர் ஜனங்கள் கூடி வளர்த்து, 1959-ல் சொந்தக் கட்டடம் கண்ட புத்தகசாலை அது. அச்சு நூல்களும் ஏட்டுச் சுவடிகளுமாகத் தொண்ணூற்றேழாயிரம் சாம்பலாயின என்று கணக்குச் சொல்லுகிறார்கள். கட்டடத்தைப் பின்னால் புதுப்பித்துவிட்டார்கள்; அங்கே மறுபடியும் ஜனங்கள் படிக்கிறார்கள். ஆனால் ஒரே பிரதியாக இருந்த ஏட்டை எந்தக் கொத்தனார் திரும்பக் கட்ட முடியும்?

கரையான் மெதுவாகச் செய்வதை நெருப்பு ஓர் இரவில் செய்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே அலட்சியம் என்று மூன்றாவது சத்துரு ஒன்று இருக்கிறது. ஆகையால் ஒரு புத்தகசாலை கட்டி முடித்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பது தவறு. அது எப்போதும் யாருடைய அன்பிலாவது இருந்துகொண்டிருக்கவேண்டும்.

ஏழு அடுக்கு மாளிகை

புது நத்தம் சாலையில் 2023-ம் வருஷம் திறந்த ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மேம்பாலத்தைப் பற்றி மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அதே வருஷம் அதே சாலையில் திறந்த நூலகத்தைப் பற்றியும் பெருமைப்படலாம். 2022 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2023-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் காமராஜர் பிறந்த தினம் அது. கட்டடத்தின் பரப்பு இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரம் சதுர அடி. செலவு சுமார் 215 கோடி ரூபாய். தரைத் தளமும் மேலே ஆறு தளங்களுமாக நிமிர்ந்து நிற்கிறது.

வாசலில் பாட்டி நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடியும் வெளிச்சமுமாக இருந்த அந்தக் கட்டடத்தைக் கண்டு அவளுடைய தைரியம் முழுவதும் கரைந்துவிட்டது. காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போட்டுக்கொள்ளுங்கள், அம்மா. இது கோயில் இல்லை" என்றார் காவலர்.

"கோயில் இல்லேன்னா வேற என்னய்யா?" என்று கேட்டாள் பாட்டி. ஆனாலும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். படித்துக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ராஜ்யம். குழந்தைகளுக்கென்று வண்ண வண்ணமாய் ஒரு பகுதி. தமிழ் நூல்களுக்கும் ஆங்கில நூல்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். கண் பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிப்பதற்கும் காதால் கேட்பதற்கும் வசதிகள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து படிக்க இடம். பழைய நூல்களை நிழற்படமாக்கிப் பாதுகாக்கும் ஏற்பாடு. கூட்டம் நடத்த மாநாட்டுக் கூடம்.

போட்டிப் பரீட்சைகளுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பார்த்தோம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பொட்டலத்துடன் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் போலும். அவர்கள் முகத்தில் இருந்த தீவிரத்தைக் கண்டு நாம் மூச்சுவிடவும் பயந்தோம். "இலக்கியம் படிக்காமல் உத்தியோகத்துக்குப் படிக்கிறார்களே" என்று குறை சொல்லுகிறவர்களும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு மேஜையும் விளக்கும் இல்லாதவனுக்கு அவற்றைக் கொடுத்த புத்தகசாலை, அவன் எதைப் படிக்கிறான் என்று எட்டிப் பார்க்கவேண்டியதில்லை. உத்தியோகம் கிடைத்த பிறகு அவனே மாடி ஏறித் தமிழ்க் கூடத்துக்கு வரட்டும், வழி தெரிந்துவிட்டதல்லவா?

பண்டிதரைத் தமிழ்க் கூடத்தில் விட்டோம். வரிசை வரிசையாக அடுக்கியிருந்த நூல்களின் நடுவே அவர் நின்ற நிலையைப் பார்த்தால், வெகுநாள் பிரிந்திருந்த உறவினர்களைத் திருவிழாவில் கண்டவர்போல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, முதற்பக்கத்தைத் திருப்பி, பதிப்பித்த வருஷத்தைப் பார்த்து, "ஆஹா!" என்று சொல்லித் திரும்ப வைத்தார். அவருடைய "ஆஹா" கூடத்தின் நிசப்தத்தைக் கெடுத்தது என்பதை அவரிடம் நாம் சொல்லவில்லை.

கதை கேட்ட கூட்டம்

பிற்பகலில் குழந்தைகள் பகுதியில் கதை சொல்லும் நிகழ்ச்சி. வார இறுதியில் இத்தகைய நிகழ்ச்சிகளும், நூல் அறிமுகங்களும், பயிற்சிகளும் இங்கே நடக்கின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ம் வருஷம் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் வாசகர்களோடு பேசும் கூட்டங்கள் பிரசித்தமானவை.

கதை சொன்ன இளம் பெண்மணி ஒரு நரியாக நடந்தாள், காகமாகப் பறந்தாள், கிழவியாகக் கூன் விழுந்தாள். குழந்தைகள் சிரித்துப் புரண்டார்கள். சுவரோரமாக, பெற்றோர்களுக்குப் பின்னால், பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். பண்டிதர் கதவருகில் நின்றார். உள்ளே வரமாட்டேன் என்ற பிடிவாதமும், போய்விட மனமில்லாத ஆசையும் அவரைக் கதவோடு சேர்த்துக் கட்டியிருந்தன.

கதை முடிந்ததும் அந்தப் பெண்மணி, "உங்களில் யாருக்காவது உங்கள் ஊர்க் கதை தெரியுமா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு நம்முடைய பழங்காநத்தத்துப் பெண் எழுந்து நின்றாள்.

"எங்க ஊருல கோவலன் பொட்டல் இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

சொன்னாள், பாருங்கள்! கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனது, தட்டான் வஞ்சகமாய்ச் சிரித்தது, ராஜா ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால், "கண்ணகி யாரு தெரியுமா? அந்தப் பாண்டிய ராஜாவோட சொந்த மக! பொறந்தப்பவே காலிலே சிலம்போட பொறந்தா. கெட்ட நேரத்துல பொறந்தான்னு பெட்டியில வச்சு ஆத்துல விட்டுட்டாங்க. அந்த மக தான் திரும்பி வந்து நியாயம் கேட்டா!" என்று சொன்னபோது நாம் திடுக்கிட்டுப் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தோம்.

பண்டிதரின் உதடுகள் துடித்தன. முப்பது வருஷம் பிழை திருத்திய கை தானாகவே உயர்ந்தது. இளங்கோவடிகள் அப்படிப் பாடவில்லை என்று அவர் சொல்லிவிடப் போகிறார் என்று அஞ்சினோம்.

குழந்தைகளெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரத்தில் பாட்டியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அது அவளுடைய கதை. அவள் சொல்லிக் கொடுத்த கதை. எழுத்துத் தெரியாதவளை உள்ளே விடுவார்களா என்று வாசலில் தயங்கியவளின் வார்த்தை, லட்சக்கணக்கான புத்தகங்கள் உள்ள மாளிகையில், ஒலிபெருக்கியின் உதவியில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

பண்டிதர் உயர்த்திய கையை இறக்கினார். பிறகு, மெதுவாகக் கைதட்டினார்.

பண்டிதர் சொன்ன தீர்ப்பு

வெளியே வந்து டீ அருந்தும்போது அவரைக் கேட்டோம்: "ஏன், ஐயா, பிழை திருத்தவில்லை?"

"பிழை எங்கே இருக்கிறது?" என்றார் பண்டிதர். "புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற கோவலன் கதை என்று பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று உண்டு. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றது. சாமிநாதையர் பதிப்பு வருவதற்கு முன்னாலும் பின்னாலும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த கண்ணகி அந்தக் கண்ணகிதான். எங்கள் அம்மா அதை ராகம் போட்டுப் படிப்பாள், தெருவே கேட்கும். நான் பண்டிதப் பரீட்சைக்குப் படித்தேன், அதை மறந்துவிட்டேன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"இறையனார் களவியல் உரையிலே ஒரு வரலாறு வருகிறது. ஆலவாய்ப் பெருமான் அருளிய அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுதினார்கள். எது மெய்யுரை என்று யார் தீர்ப்புச் சொல்லுவது? கடைசியில் மதுரையிலே ஐந்து வயதான ஓர் ஊமைப் பிள்ளையை, உருத்திரசன்மனை, ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வாசித்தார்கள். நக்கீரர் உரையைக் கேட்டபோதுதான் பதந்தோறும் அந்தப் பிள்ளையின் கண்ணில் நீர் வந்தது, மெய் சிலிர்த்தது. அதுவே உரை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த ஊர்ச் சங்கத்திலே ஒரு நூல் அரங்கேறுவது என்றால், நாலு பேர் நடுவே வாசிப்பது. கேட்கிறவர் கண்ணைப் பார்ப்பது. நான் காலையில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறேன். ஆனால் படிக்கிற கூடத்துக்குக் கதவு இருக்கட்டும். அதைச் சாத்தி வைக்கட்டும்!"

நியாயமான தீர்ப்பு என்றே நமக்குத் தோன்றியது.

யாருடைய புத்தகசாலை?

திரும்பி வரும்போது பாட்டி ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு பெரிய கட்டடத்தை யாரு கட்டினாங்க? ஒரு நாளு பூட்டிப்புட்டா என்ன செய்யிறது?"

இந்தக் கேள்விக்கு 1948-ம் வருஷத்திலே ஒரு பதில் எழுதியிருக்கிறது. சீகாழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் என்ற பேரறிஞர், நூலகத்தை ஒரு விஞ்ஞானமாக்கியவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாகக் கொண்ட அவருடைய ஐந்து விதிகள் 1931-ல் வெளிவந்தன. உலகத்து நூலகர்களெல்லாம் இன்றும் அவற்றைப் பாடம் படிக்கிறார்கள். அதே 1931-ல் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். ஜனங்கள் புத்தகத்தைத் தேடி வரமுடியாவிட்டால் புத்தகம் ஜனங்களைத் தேடிப் போகவேண்டும் என்பது தத்துவம். அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாகச் சுதந்திரம் வந்த மறு வருஷமே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவிலே முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிப்பது அந்தச் சட்டத்தின்படிதான்.

"உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அம்மா. நூலகத்துக்கென்று நீங்களும் பணம் கட்டியிருக்கிறீர்கள். இது உங்கள் சொத்து" என்றோம்.

பாட்டி நம்மை உற்றுப் பார்த்தாள். "அப்போ நான் செருப்பைக் கழட்டினதே தப்பு" என்றாள்.

பூட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் வீண் கேள்வியல்ல. 2011-ம் வருஷத்தில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அங்கிருந்து மாற்றிவிட்டு, கட்டடத்தைக் குழந்தைகள் வைத்தியசாலை ஆக்குவதென்று அப்போதைய அரசாங்கம் தீர்மானித்தது. வழக்குத் தொடர்ந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நூலகமாகவே நின்றது. அதைக் காப்பாற்றியது கட்டடத்தின் பலம் அல்ல. "இது எங்களுடையது" என்று சொல்ல ஆட்கள் இருந்ததுதான். கூட்டங்களும் கதைகளும் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்கின்றன. தனியே படித்துவிட்டுப் போகிறவன் வாசகன். பத்துப் பேரோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவன் பாத்தியஸ்தன்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். பழங்காநத்தத்திலிருந்து போகிறவர்கள் இரண்டு வண்டி மாறவேண்டும், ஆற்றைத் தாண்டவேண்டும். கூலிவேலை முடிந்து ஆறு மணிக்கு வருகிற தாய், குழந்தையை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது எப்படி? மன்னார்குடி மாட்டு வண்டியின் தத்துவத்தை நாம் மறந்துவிடலாகாது. புது நத்தம் சாலையில் சனிக்கிழமை நடக்கும் கதையும் பேச்சும், ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்திலும் ஜெய்ஹிந்த்புரத்திலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மறுபடியும் நடக்கலாம். கதை சொல்லியின் வண்டிச் சத்தத்தைத் தவிர அதற்கு வேறு செலவு இல்லை. புத்தகசாலைக்கு வடக்கே ஒரு வாசல் இருந்தால், தெற்கே ஒரு திண்ணையாவது இருக்கட்டும்.

பழங்காநத்தத்தில் இறங்கும்போது விளக்கு ஏற்றும் நேரம் ஆகிவிட்டது. காசி விசுவநாதர் கோயில் மணி கேட்டது. பேத்தி பாட்டியின் தோளில் தூங்கிப் போயிருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போறோம்?" என்று பாட்டி கேட்டாள்.

நாம் பதில் சொல்லுவதற்குள் பண்டிதர் முந்திக்கொண்டார்:

"கொஞ்சம் முன்னாலேயே புறப்படவேண்டும். கடைசியில் போனால் கதவருகில் நிற்கும்படி ஆகிவிடுகிறது!"